எந்த டாக்டர் என்று யாரிடம் கேட்பது?

காலையில் படுக்கையை விட்டு எழும்போது ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அரை நிமிடம் உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. இரவில் புரண்டு படுத்தால் மறுபடியும் சுற்றுகிறது. பித்தம் என்கிறார் மாமியார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பிரஷராக இருக்கும் என்கிறார் கணவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கைப்பேசியை எடுத்து, பக்கத்து நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நரம்பியல் நிபுணருக்கு நம்பர் போட்டுவிடுகிறான். அங்கே போனதும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கழுத்துக்கு ஒரு பட்டை, ஒரு மாதத்துக்கு மாத்திரை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. தலைசுற்றல் மட்டும் இருக்கிறது.

படுக்கும்போதும் புரளும்போதும் சில நொடிகள் வந்து போகும் தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் உட்காது. அங்குள்ள சமநிலை உறுப்பில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்திருக்கும். நோயாளியைப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கண் அசைவைக் கவனித்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எப்லி முறையும் சில நிமிட வேலைதான். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் செய்வார். இதில் பயிற்சி பெற்ற பொது மருத்துவரும் செய்வார். ஆனால், தலைசுற்றல் என்று வருகிற எல்லாருக்கும் காதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ரத்தசோகை இருக்கலாம். பிரஷர் மாத்திரை அளவு கூடியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கலாம். பேச்சு குழறி, ஒரு பக்கம் கை தளர்ந்தால் அது பக்கவாதம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவமனைச் செயலியைத் திறந்தால் முதலில் வருவது துறைகளின் பட்டியல். நரம்பியல், இதயவியல், எலும்பு, வயிறு, காது. இவற்றில் எதைத் தொடுவது என்று நோயாளி முடிவுசெய்ய வேண்டும். அதற்கு, தனக்கு என்ன நோய் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால்தானே டாக்டரைத் தேடுகிறார்? மருத்துவத்தின் மிகக் கடினமான கேள்வியை, அதற்குப் பதில் சொல்ல வழியே இல்லாத ஒருவரிடம், அதுவும் அவர் உடம்பு முடியாமல் இருக்கும் நேரத்தில் கேட்கிறோம். நம்பர் போடுவது எளிதாகிவிட்டது. யாருக்கு நம்பர் போடுவது என்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. தமிழ்நாட்டின் சுகாதாரத் துறையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எத்தனையோ உண்டு. இந்த ஓர் இடத்தில் மட்டும் நோயாளியைத் தனியே விட்டிருக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், நம்பரே போடக் கூடாத சமயங்களைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சைப் பிசைவதுபோல வலி வந்து, வியர்த்துக் கொட்டி, இடது கைக்கும் தாடைக்கும் வலி பரவும்போது, அதை வாய்வுப் பிடிப்பு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டு, காலையில் இதய நிபுணரைப் பார்க்கலாம் என்று படுத்துவிடுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மருந்துகளின் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். 2008 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 108 ஆம்புலன்ஸை அழைப்பதுதான் முதல் வேலை. பக்கவாதம் என்றால் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் வசதி இல்லாத நர்சிங் ஹோமில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடக்கும் நேரமெல்லாம் மூளை செத்துக்கொண்டிருக்கிறது. பாம்புக்கடிக்கும் இதேதான்: கயிறு கட்டாமல், கீறாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் ஏற்கிறது. பணம் கட்ட ஆள் வரட்டும் என்று எந்தத் திட்ட மருத்துவமனையும் காத்திருக்க வேண்டியதில்லை.

அவசரம் இல்லாதவைதான் மிச்சமெல்லாம். நம்மை வாட்டுபவற்றில் பெரும்பகுதியும் அவைதான்: விடாத இருமல், முட்டிவலி, வயிற்றெரிச்சல், சுகர், பிரஷர், தூக்கமின்மை, காரணம் தெரியாத அசதி. இவற்றுக்கு முதல் வாசல் எது என்பதை இந்த நாடு சுதந்திரத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. 1946இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, ஆரம்ப சுகாதார நிலையங்களை அடித்தளமாகக் கொண்ட அமைப்பைத்தான் பரிந்துரைத்தது. மற்ற பல மாநிலங்களைவிடத் தமிழ்நாடு அந்த வாசலை நன்றாகவே கட்டியது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்த பிறகு, மொத்தக் கொள்முதல் வழியாக அத்தியாவசிய மருந்துகள் கிராமம்வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்று தெரிந்த பெண் தன்னார்வலர்கள் இன்று தெருத் தெருவாக இருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் மக்கள் ஏன் இந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள்? இலவசம் என்றால் மட்டம் என்ற நினைப்பு ஒரு காரணம். அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நேரமும் அதற்குக் குறையாத காரணம். பெரும்பாலான கிராமப்புற நிலையங்களில் ஓ.பி. பார்ப்பது காலையில். தறிக்கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் இருப்பவர் அந்த நேரத்தில் வந்தால் ஒருநாள் கூலி போயிற்று. மாலை ஆறு மணிக்கு மேல் தனியார் கிளினிக்கில் இருநூறோ முந்நூறோ கொடுப்பது அவருக்கு லாபம். 2023இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குகின்றன. கிராமத்துக்கும் அந்த நேரம் வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. அந்த வாசலுக்குள் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நமக்குத் தெரிவதில்லை. நாம் யார் என்று அவருக்கும் தெரிவதில்லை. போன மாதம் பார்த்தவர் இந்த மாதம் இல்லை. ஒவ்வொரு முறையும் நோயின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ‘அஞ்சு ரூபாய் டாக்டர்’ என்று அறியப்பட்ட ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தபோது அந்தப் பகுதியே திரண்டு அழுதது. கட்டணம் குறைவு என்பது மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் இருந்து ஒரே மக்களைப் பார்த்தவர் அவர். அப்பாவுக்கு என்ன இருந்தது, மகளின் பிரசவம் எப்படி நடந்தது, வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் அப்படிப்பட்ட டாக்டருக்குத் தெரியும். தலைசுற்றல் என்று வந்து நிற்பவரிடம் அவர் பாதிக் கேள்விகளைக் கேட்க வேண்டியதே இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு தன் வாழ்நாள் ஆய்வில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியதும் இதைத்தான்: முதல்நிலை மருத்துவம் வலுவாக உள்ள நாடுகளில் செலவும் குறைவு, உடல்நலமும் மேல்.

நம் ஊர்களில் அந்த இடம் காலியாகிக்கொண்டிருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஊரில் கிளினிக் வைக்கிறேன் என்று ஓர் இளைஞர் சொன்னால், “வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும்தானா?” என்று கேட்பது நாம்தான், பெண் பார்க்கப் போகும் இடத்திலும் அதே கேள்வி. எல்லாரும் நிபுணராக வேண்டும், எல்லாருக்கும் நிபுணர் வேண்டும் என்றானபோது, யாரிடம் போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அந்த வேலையை இப்போது செய்வது மருந்துக்கடைக்காரர், ஸ்கேன் மையத்து வரவேற்பாளர், உறவினர் வாட்ஸ்அப் குழு, செயலியின் நட்சத்திரக் குறிகள்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காத்திருக்கும் அறை சுத்தமாக இருந்ததா, டாக்டர் சிரித்துப் பேசினாரா என்பதை ஒரு நோயாளியால் மதிப்பிட முடியும். அவர் எழுதிய மருந்து சரிதானா, செய்யச் சொன்ன அறுவைச் சிகிச்சை தேவைதானா என்பதை மதிப்பிட முடியாது. பட்டியலில் மேலே வருபவர் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவராகவும் இருக்கலாம். அதைவிட நம்பகமான வழிகள் உண்டு. மருந்துச் சீட்டில் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் உள்ளது. அந்த எண்ணை வைத்து, அவர் பதிவுபெற்றவர்தானா என்று மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் பார்க்கலாம். நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் அதே விதிகள் தடைசெய்கின்றன. ஆகவே, இந்த லேபில்தான் எடுக்க வேண்டும், அந்த மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், ஏன் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்வது நம் டாக்டரை அவமதிப்பதாகாது. நல்ல டாக்டர்கள் அதைத் தாங்களே சொல்வார்கள்.

காப்பீட்டையும் நம்பர் போடும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை பாதுகாப்புத் தருகிறது. ஆனால், நாம் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, நமக்குச் செய்யவிருக்கும் சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்கிறதா என்பதைப் பலரும் சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள். தனியார் டாக்டரைப் பார்க்கக் கொடுக்கும் ஆலோசனைக் கட்டணத்துக்கு அந்த அட்டை உதவாது. இதய அறுவைச் சிகிச்சைக்கு லட்சங்கள் தரத் தயாராக இருக்கும் ஏற்பாடு, அந்த அறுவை தேவைப்படாமல் தடுத்திருக்கக்கூடிய முதல் ஆலோசனையை நோயாளியின் சட்டைப்பைக்கே விட்டிருக்கிறது.

நம்பர் கிடைத்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. மாலை ஆறு மணி என்று குறுஞ்செய்தி வருகிறது. டாக்டர் எட்டு மணிக்கு மேல் வருகிறார். அவரை மட்டும் குறைசொல்ல முடியாது. காலையில் ஒரு மருத்துவமனை, மதியம் அறுவை அரங்கு, மாலையில் இரண்டு கிளினிக் என்று ஓடுகிறவர் அவர். இதை அறிந்த நிர்வாகம் ஒரே நேரத்துக்குப் பத்துப் பேரை வரச்சொல்கிறது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கும் சுகர்காரரும் நிறைமாதப் பெண்ணும் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, டாக்டர் வந்துவிட்டாரா, எத்தனையாவது நம்பர் போகிறது என்று கேட்டுக்கொள்வது ஓரளவு உதவும். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டினால் நோயாளிக்குத் தகவல் சொல்வதை மருத்துவமனைகள் தங்கள் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இது செலவு பிடிக்கும் சீர்திருத்தம் அல்ல.

உள்ளே போனால் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் வெளியான ஆய்வு, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி என்றது. இந்தியாவுக்கு ஏறத்தாழ 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் பாதி, பழைய மாத்திரையின் பெயர் ஞாபகம் வராமல் போய்விடுகிறது. சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோவதும், எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதிவைப்பதும் பெரிய வேலைகள் அல்ல. மனதில் உள்ள பயத்தை முதல் வரியாகச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் பலர் முட்டிவலியைப் பற்றிப் பேசிவிட்டு, எழுந்து கதவருகே போகும்போதுதான் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றியோ நிற்காத உதிரப்போக்கைப் பற்றியோ வாய் திறக்கிறார்கள். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுகிறார். கூட வரும் மகனோ கணவனோ எல்லாவற்றையும் தானே பேசாமல், சிறிது நேரம் வெளியே நின்றால் எத்தனையோ நோய்கள் முன்கூட்டியே தெரியவரும்.

அரசு மருத்துவமனைகளில் சீட்டு வாங்கும் வரிசையைக் குறைக்க, 14 இலக்க ‘ஆபா’ எண்ணும், கைப்பேசியால் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் பெறும் முறையும் வந்திருக்கின்றன. ‘இ-சஞ்சீவனி’ வழியாக வீட்டிலிருந்தே அரசு மருத்துவரிடம் கட்டணமின்றிப் பேசலாம். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மனம் தளர்ந்திருந்தால் 14416. இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால், பட்டன் போன் வைத்திருக்கும் எழுபது வயது மூதாட்டி, டோக்கனுக்காக யாரோ ஒரு இளைஞனின் தயவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. ஆள் உட்கார்ந்து பேர் எழுதித் தரும் கவுன்டர் எந்தக் காலத்திலும் மூடப்படக் கூடாது.

டோக்கன் விரைவாகக் கிடைப்பதால், தவறான வரிசையில் நிற்பவர் சரியான வரிசைக்கு வந்துவிடமாட்டார். அதற்குத் தேவை, பெயர் தெரிந்த முதல் டாக்டர். பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியதிலிருந்தே மக்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவுசெய்துகொள்கிறார்கள். அவசரமில்லாத நோய்க்கு நிபுணரைப் பார்ப்பது பெரும்பாலும் அவர் வழியாகத்தான். நார்வே 2001இல் ஒவ்வொருவருக்கும் நிலையான மருத்துவர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அங்கே ஒரு டாக்டரின் பட்டியலில் சுமார் ஆயிரம் பேர். நம் விதிப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டு மூன்று டாக்டர்கள் இருந்தாலும் ஆளுக்குப் பத்தாயிரமோ அதற்கு மேலோ வருகிறது. நார்வே முறையை அப்படியே இங்கே நட முடியாது என்று யாராவது சொன்னால் அது நியாயமான மறுப்பு.

ஆனால், எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. சுகர், பிரஷர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் ஆகியோரின் விவரங்கள் ஏற்கெனவே பதிவேடுகளில் இருக்கின்றன. அவர்களுக்கு மட்டும் முதலில் ஒரு டாக்டரைப் பெயர் சொல்லி ஒதுக்கலாம். நிபுணர் தேவைப்பட்டால் அந்த டாக்டரே மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்தத் துறை, எந்த நாள், எத்தனை மணி என்று நேரம் வாங்கித் தரட்டும். இப்போது “ஜி.எச். போங்க” என்று ஒரு துண்டுச் சீட்டோடு அனுப்பிவிடுகிறோம், அங்கே அவர் மறுபடி முதல் வரிசையில் நிற்கிறார். பார்த்து முடித்த நிபுணர் என்ன கண்டார், எந்த மருந்தை மாற்றினார் என்று இரண்டு வரி முதல் டாக்டருக்குத் திரும்பி வர வேண்டும். இப்போது அந்தத் தகவலை வாய்மொழியாகச் சுமந்து வருவது நோயாளியின் வேலையாக இருக்கிறது. அவருக்கு நினைவிருப்பது மாத்திரையின் நிறம் மட்டும்தான்.

டாக்டர்கள் ஒரே இடத்தில் நிற்பார்களா என்பதுதான் இதில் சிக்கலான கேள்வி. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்காக நடந்த நீண்ட சட்டப் போராட்டமும் தேவையானதே. கிராமங்களுக்கு டாக்டர்கள் வர அதுவே பெரிய ஈர்ப்பு. ஆனால், படிக்கப் போகிறவர் எலும்பு நிபுணராகவோ கதிரியக்க நிபுணராகவோதான் திரும்புகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் மீண்டும் வர வழியில்லை. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவத்தில் எம்.டி. இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. நீண்ட காலமாகக் குடும்ப மருத்துவத்துக்குத் தனித் துறை வைத்து, பணியில் உள்ள மருத்துவர்களுக்குத் தொலைவழிப் பயிற்சியும் தந்துவருகிறது. தமிழக அரசு தன் மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவ இடங்களைப் பெருமளவு தொடங்கி, படித்தவர் அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்து பதவி உயர்வும் பெற வழிசெய்தால், முதல் வாசலில் உட்காருவது வாழ்நாள் பணியாகும். நிபுணருக்குக் கிடைக்கும் சம்பளமும் மரியாதையும் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது.

அதுவரை காத்திருக்காமல் அடுத்த மாதமே செய்யக்கூடியதும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பயனாளிகளின் கையில் உள்ள பதிவு அட்டையில் பொறுப்பு டாக்டரின் பெயர், அவர் ஓ.பி. பார்க்கும் நாள்கள், வாரத்தில் இரண்டு மாலைகளாவது அவர் இருக்கும் நேரம், பேச ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கலாம். டாக்டர் மாறினால், புதியவர் யார் என்பதைத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து சொல்லட்டும். பழையவர் தன் பட்டியலைப் புதியவரிடம் உட்கார்ந்து பேசி ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு நடத்திப் பார்த்து, தலைமை மருத்துவமனைக்குத் தவறான துறை தேடி வருகிறவர்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதை அரசு வெளியிடலாம்.